டொமிட்டியானுஸ்: இரண்டே காசில் மிஞ்சிய பேரரசர்

2003 ஏப்ரலில், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகருக்குத் தென்கிழக்கே சால்குரோவ் என்ற ஊரின் வயலில் ஒருவர் மெட்டல் டிடெக்டரோடு தேடிக்கொண்டிருந்தார். கருவி சத்தம் போட்ட இடத்தைத் தோண்டியபோது ஒரு மண்பானை வெளிப்பட்டது. உள்ளே காசுதான், ஆனால் எண்ணுகிற நிலையில் இல்லை. ஆயிரத்து எழுநூறு ஆண்டு ஈரத்தில் செம்பு களிம்பேறி, ஒன்றோடொன்று ஒட்டி, பானைக்குள் ஒரே கட்டியாக இறுகிப் போயிருந்தது.

இந்தக் கட்டி உடைபடாமல் ஆய்வகம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இந்த வழக்கின் அடிப்படை. இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, இப்படி ஒன்று கிடைத்தால் 14 நாளுக்குள் அந்த வட்டாரத்தின் கரோனருக்குத் தெரிவித்துவிட வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிக்கிற அதே அதிகாரிதான். புதையலும் பழைய வழக்கப்படி அவர் தலையில் விழுகிறது. அருங்காட்சியகம் ஏதாவது வாங்க விரும்பினால் சந்தை மதிப்பைக் கொடுக்கும். கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. மறைத்தால் குற்றம், சொன்னால் பணம் என்ற நிலையில் பெரும்பாலோர் சொல்லிவிடுகிறார்கள். பானையை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒட்டிய காசுகளைச் சுத்தியலால் தட்டிப் பிரித்து, நல்லதாகப் பத்தை விற்றுவிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

பானை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே பாதுகாப்பு நிபுணர்கள் கட்டியை மெல்லப் பிரித்து 4,957 காசுகளை எடுத்தார்கள். எல்லாம் கி.பி. 251-க்கும் 279-க்கும் இடையில் அடித்தவை. இந்தக் காலத்துப் பானை என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று நிபுணர்கள் பார்க்காமலேயே சொல்வார்கள்: கல்லியேனுஸ், இரண்டாம் கிளாடியுஸ், விக்டோரினுஸ், டெட்ரிகுஸ் என்ற அக்காலப் பேரரசர்களின் காசுகள். மறுபடி மறுபடி அதே முகங்கள். ரோமானியக் காசுப் பிரிவின் காப்பாளர் ரிச்சர்ட் அப்டி அவற்றை ஒவ்வொன்றாக இனம் பிரித்துக்கொண்டிருந்தபோது, முகம் பழையதாகவும் பெயர் புதியதாகவும் ஒரு காசு வந்தது: டொமிட்டியானுஸ். 2004 பிப்ரவரியில் செய்தி உலகம் முழுக்கப் போனது.

காசு எப்படி இருக்கிறது?

விட்டம் 20 மில்லிமீட்டரை ஒட்டியது. தலைப் பக்கத்தில் தாடி வைத்த ஆண், வலப்பக்கம் பார்க்கிறார், மார்பில் கவசம். தலையில் சூரியக் கதிர் போல முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் கிரீடம். இந்தக் கிரீடம் வெறும் அலங்காரம் இல்லை, காசின் மதிப்பைச் சொல்லும் குறி: இது இரண்டு தெனாரியுஸ் (ரோமின் வழக்கமான வெள்ளிக்காசு) மதிப்புள்ள காசு என்று அர்த்தம். 215-இல் பேரரசர் கரகல்லா இந்த வகையைத் தொடங்கியபோது அதில் பாதியளவு வெள்ளி இருந்தது. 270 வாக்கில் வெள்ளி நூற்றுக்கு இரண்டு மூன்றாகச் சுருங்கி, மிச்சமெல்லாம் செம்பு. பெயருக்கு வெள்ளிக்காசு. அதனால்தான் இவை ஆயிரக்கணக்கில் பானைகளில் கிடைக்கின்றன. ஒரு சின்னத் தொகைக்கே அத்தனை காசு தேவைப்பட்டது.

தலையைச் சுற்றி ஓடும் எழுத்து: இம்ப் சி டொமிட்டியானுஸ் பி எஃப் அவ்க். விரித்தால், பேரரசர் சீசர் டொமிட்டியானுஸ், பக்தியுள்ளவர், நற்பேறு பெற்றவர், அவ்குஸ்துஸ். பட்டத்தில் ஒன்றும் குறை வைக்கவில்லை. பின்பக்கத்தில் ஒற்றுமையின் தேவதை கொன்கோர்டியா நிற்கிறாள், ஒரு கையில் படையல் கிண்ணம், மறு கையில் வளக்கொம்பு. சுற்றிலும் 'கொன்கோர்டியா மிலிட்டும்', படைவீரர்களின் ஒற்றுமை. மூன்றாம் நூற்றாண்டில் ஒரு பேரரசர் இதை எப்போது அடிப்பார் என்று கேட்டால், படைக்குள் ஒற்றுமை சந்தேகத்தில் இருக்கும்போது அடிப்பார் என்பதுதான் பதில். நிம்மதியாக ஆளுகிறவர் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டார் என்றில்லை. ஆனால் பதற்றத்தில் இருக்கிறவர் கை முதலில் போவது இங்கேதான்.

முகத்தைப் பார்த்து இவர் எப்படி இருந்தார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விக்டோரினுஸ், டெட்ரிகுஸ் காசுகளின் சாயல் இதில் அப்படியே இருக்கிறது. புதிதாகப் பட்டத்துக்கு வந்தவரின் முதல் காசுகளில் முந்தையவர் முகத்தையே செதுக்கிப் பெயரை மட்டும் மாற்றுவது அக்காலத்தில் அடிக்கடி நடந்தது. செதுக்குகிறவர் புது ஆளை நேரில் பார்த்திருக்கவே மாட்டார், கை பழகிய முகத்தைத்தான் போடுவார். ஆக, இந்த முகம் யாருடையது என்பது அச்சு செதுக்கியவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். சாயலால் கிடைக்கிற உறுதியான பலன் வேறு: இந்தக் காசு காலியாவில் (இன்றைய பிரான்சும் அதை ஒட்டிய பகுதிகளும்), 271-ஐ ஒட்டி அடித்தது என்று அது சொல்லிவிடுகிறது.

நான்த் நகரத்தில் தூங்கிய காசு

விஷயம் இத்தோடு நின்றிருந்தால், "ஒரே ஒரு காசு, யாரோ விளையாடியிருக்கிறார்கள்" என்று ஒரு கூட்டம் ஒதுக்கித்தான் இருக்கும். ஏனென்றால் முன்பு ஒருமுறை சரியாக அதுதான் நடந்தது.

1900-இல் பிரான்சின் மேற்கே, நான்த் நகருக்குப் பக்கத்தில் லே கிளெயோன் என்ற இடத்தில் சுமார் 1,400 காசுகள் கொண்ட புதையல் ஒன்று கிடைத்தது. அதில் இதே பெயரோடு, இதே பட்டத்தோடு, இதே தேவதையோடு ஒரு காசு இருந்தது. அடுத்த ஆண்டே அதைப் பற்றி எழுதி வெளியிட்டார்கள். நிபுணர்கள் நம்பவில்லை. போலி என்றார்கள், அல்லது சாதாரண டெட்ரிகுஸ் காசில் எழுத்தைச் சுரண்டி மாற்றிய வேலை என்றார்கள். காசு நான்த் நகரத்து டோப்ரே அருங்காட்சியகத்தில் போய் அமர்ந்தது. நூறாண்டுக்கு மேல் அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை.

அவர்களைக் குறை சொல்லி லாபமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோமக் காசுகளைப் போலி செய்வதும், மலிவான காசில் எழுத்தைச் செதுக்கி அரிய காசாக்குவதும் ஒரு தொழிலாகவே நடந்தது. பெயரும் சந்தேகத்தைக் கூட்டியது. 81 முதல் 96 வரை ரோமை ஆண்ட டொமிட்டியானை எல்லோருக்கும் தெரியும். 297-இல் எகிப்தில் கிளர்ந்து அலெக்சாந்திரியாவில் காசு அடித்த டொமிட்டியுஸ் டொமிட்டியானுஸையும் காசு சேகரிப்பவர்களுக்குத் தெரியும். இந்த இருவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர், அதுவும் காலியாவில், ஒரே காசோடு வந்து நின்றால் யாருக்கும் புருவம் உயரத்தான் செய்யும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காசு கடைத்தெருவில் வந்தது இல்லை, புதையலோடு வந்தது. அந்தத் தகவலுக்கு உரிய எடையை யாரும் கொடுக்கவில்லை. காசின் தோற்றத்தையும் தங்கள் கையிலிருந்த பேரரசர் பட்டியலையும் பார்த்தார்கள், அது எங்கே கிடந்தது என்பதைப் பார்க்கவில்லை.

சால்குரோவ் காசு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிரெஞ்சு நாணயவியலாளர்கள் சில்வியான் எஸ்தியோவும் ஜில்தா சலூனும் 2004-இல் விரிவாக எழுதினார்கள். முடிவு: இரண்டும் ஒரே அச்சுகளில் அடித்தவை. தலைப் பக்கமும் ஒரே அச்சு, பின்பக்கமும் ஒரே அச்சு.

இதன் கனம் புரிய, ரோமில் காசு எப்படி அடித்தார்கள் என்பது தெரிய வேண்டும். கீழே பட்டறையில் ஓர் அச்சைப் பதித்திருப்பார்கள். அதன் மேல் சூடாக்கிய உலோகத் தட்டு, அதன் மேல் இன்னோர் அச்சு, அதன் தலையில் ஓங்கி ஓர் அடி. அச்சு ஒவ்வொன்றும் கையால் செதுக்கியது. அதே கலைஞர் அதே முகத்தை மறுநாள் செதுக்கினாலும் ஒரு கதிரின் கோணம், ஓர் எழுத்தின் கால், தாடியின் ஒரு கோடு மாறிவிடும். அலுவலக ரப்பர் ஸ்டாம்பில் ஓர் எழுத்து உடைந்திருந்தால் அது குத்திய தாள் எல்லாவற்றிலும் அந்த எழுத்து உடைந்தே விழுகிற மாதிரி, ஓர் அச்சின் அடையாளம் அதில் அடித்த காசு அத்தனையிலும் இருக்கும்.

இனி சந்தேகப்படுகிறவர் பக்கம் நின்று பார்ப்போம். நான்த் காசு 1900-க்கு முன் செய்த போலி என்றால், அந்தப் போலிக்காரர் அதே அச்சில் இன்னொரு காசும் அடித்து, சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, கடல் தாண்டி, ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் புதைந்து இறுகிக் கிடந்த பானைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும். சுரண்டி மாற்றிய காசு என்றால், இரண்டு வேறு காசுகளை ஒரு மயிரிழை பிசகாமல் ஒரே மாதிரி சுரண்டியிருக்க வேண்டும். இரண்டுமே நடக்கிற காரியம் இல்லை. நூறாண்டு போலி என்று பெயர் வாங்கிய காசு, இன்னொரு நாட்டுப் பானையால் விடுதலையானது.

ஆள் யார்?

காசு உண்மை. சரி, ஆள்?

அதற்கு 260-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டில் பேரரசர் வலேரியன் பாரசீக மன்னர் ஷாப்பூரிடம் கைதியானார். மேற்கே ரைன் எல்லையில் போஸ்துமுஸ் என்ற தளபதி கொலோனில் இருந்த அரச வாரிசைக் கொன்றுவிட்டுத் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். காலியா, பிரிட்டன், ஸ்பெயின் எல்லாம் அவர் பக்கம் சாய்ந்தன. விசேஷம் என்னவென்றால் அவர் ரோமைப் பிடிக்கக் கிளம்பவே இல்லை. பிடித்ததை வைத்துக்கொண்டு, தனக்கென்று கொன்சல்கள் என்ற உயர் அதிகாரிகள், தனக்கென்று காசடிக்கும் அக்கசாலைகள் என்று ஒன்பது ஆண்டு ஆண்டார். இதைத்தான் வரலாற்றாளர்கள் காலியப் பேரரசு என்கிறார்கள்.

269-இல் மைன்ஸ் நகரில் லேலியானுஸ் என்பவர் கிளர்ந்தார். போஸ்துமுஸ் அவரை அடக்கினார், ஆனால் நகரைக் கொள்ளையிடத் தன் படைக்கு அனுமதி தரவில்லை. படை அவரையே கொன்றது. அப்புறம் மாரியுஸ். இவர் ஒரு கொல்லர் என்றும் மூன்றே நாள் ஆண்டார் என்றும் பழைய நூல்கள் சொல்கின்றன. அவர் பெயரில் கிடைக்கிற காசின் அளவைப் பார்த்தால் அந்த மூன்று நாள் கதை நிற்காது, அதைவிடக் கணிசமாக அதிக காலம் இருந்திருக்கிறார். அடுத்து விக்டோரினுஸ். 271 வாக்கில் கொலோனில் அவரையும் கொன்றார்கள். தன் மனைவியிடம் அவர் தவறாக நடந்ததற்குப் பழிவாங்க ஓர் அதிகாரி செய்த கொலை என்பது பழைய நூல்கள் தரும் காரணம்.

இங்கேதான் இடைவெளி விழுகிறது. விக்டோரினுஸின் தாய் விக்டோரியா படைகளுக்குப் பெரும் பணம் கொடுத்து அக்விட்டானியாவின் ஆளுநர் டெட்ரிகுஸைப் பேரரசராக்கினார் என்று பழைய வரலாற்றாளர் அவ்ரேலியுஸ் விக்டோர் எழுதுகிறார். டெட்ரிகுஸ் பட்டம் ஏற்றது போர்தோவில் என்கிறார் இன்னொரு பழைய வரலாற்றாளர் யூட்ரோப்பியுஸ். கொலோனில் ஒருவர் கொலை, பல நூறு கிலோமீட்டர் தெற்கே இன்னொருவருக்குப் பட்டம், நடுவில் ரைன் எல்லைப் படைகள் தலைவர் இல்லாமல். ஆள் போகிற வேகத்தில்தான் செய்தியும் போகும் காலம் அது. இப்படிப்பட்ட சில வாரங்களில் ஒரு தளபதி தலையில் கிரீடம் ஏறுவதற்குப் பெரிய சதி எதுவும் தேவையில்லை. கையில் ஒரு படையும், அந்தப் படைக்குக் கொடுக்கக் காசும் போதும். டொமிட்டியானுஸை ஆய்வாளர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வைக்கிறார்கள். டெட்ரிகுஸ் வந்த பிறகு அவரை எதிர்த்து எழுந்தவர் என்ற கருத்தும் உண்டு.

எழுத்துச் சான்று என்று பார்த்தால் இரண்டு இடம், இரண்டிலும் நெருடல். சோசிமுஸ் என்ற கிரேக்க வரலாற்றாளர், ரோமில் ஆண்ட பேரரசர் அவ்ரேலியன் ஆட்சியின் தொடக்கத்தில் கிளர்ச்சி செய்யப் பார்த்துத் தண்டனை அடைந்தவர்களாக செப்திமியுஸ், உர்பானுஸ், டொமிட்டியானுஸ் என்று மூன்று பெயர்களைச் சொல்கிறார். காலம் பொருந்துகிறது. ஆனால் 271-இல் காலியா அவ்ரேலியன் கையில் இல்லை. தன் கையில் இல்லாத நாட்டுக் கிளர்ச்சிக்காரரை அவர் எப்படித் தண்டித்தார்? தவிர, சோசிமுஸ் எழுதியது சுமார் இருநூறு ஆண்டுக்குப் பின். இன்னொன்று 'ஹிஸ்டோரியா அவ்குஸ்தா' என்ற பேரரசர் வரலாற்றுத் தொகுப்பு. கல்லியேனுஸ் காலத்தில் அவ்ரேயோலுஸ் என்ற தளபதிக்குக் கீழ் போரிட்ட, துணிச்சலான ஒரு டொமிட்டியானுஸை அது குறிப்பிடுகிறது. முதல் நூற்றாண்டுப் பேரரசர் டொமிட்டியானின் வழிவந்தவர் என்று சொல்லிக்கொண்டாராம். கற்பனைப் பேரரசர்களையும் கற்பனைக் கடிதங்களையும் சரளமாகக் கலந்து தருகிற நூல் அது. அதை மட்டும் நம்பி ஆளை அடையாளம் காட்டுவது எனக்கு உவப்பில்லை. காசில் இருப்பவர், சோசிமுஸ் சொல்பவர், இந்த நூல் சொல்பவர் என்ற மூன்று டொமிட்டியானுஸும் ஒரே ஆளாக இருக்கலாம், மூன்று ஆளாகவும் இருக்கலாம். யூட்ரோப்பியுஸும் அவ்ரேலியுஸ் விக்டோரும் காலியப் பேரரசர்களை வரிசையாகச் சொல்லும்போது இவரைத் தொடவே இல்லை.

எவ்வளவு பேரரசர்?

2004-இல் செய்தித்தாள்கள் "ரோமின் மறைந்த பேரரசர் கண்டுபிடிப்பு" என்று எழுதின. இதில்தான் நான் கொஞ்சம் பின்வாங்குவேன்.

காசு எதை நிறுவுகிறது? ஓர் அக்கசாலை, அல்லது குறைந்தது அங்கே வேலை செய்கிற செதுக்கர்கள், ஒரு நாளாவது இவர் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். ஓர் இரட்டை அச்சு செதுக்கி, காசு அடித்து, வெளியே விட்டார்கள். இது சாதாரணக் கிளர்ச்சி இல்லை, முழுப் பட்டத்தோடு உரிமை கொண்டாடிய கிளர்ச்சி. இவ்வளவும் உறுதி.

அதற்கு மேல் போக எண்ணிக்கை விடவில்லை. பிரிட்டனில் இந்தக் காலத்துப் பெரும் புதையல்கள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 1978-இல் கூனேத்தியோ, 54,951 காசு, 1985-இல் நார்மன்பி, சுமார் 48,000, 2010-இல் ஃப்ரூம், 52,503. மூன்றும் சேர்த்தால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. அவற்றில் ஒரு டொமிட்டியானுஸ் கூட இல்லை. இரண்டு மாதம் போலத் தாக்குப்பிடித்த லேலியானுஸின் காசுகளே நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. ஓர் அச்சு தேய்ந்து உடைவதற்குள் ஆயிரக்கணக்கில் காசு அடிக்க முடியும். இவருக்குக் கிடைத்திருக்கும் இரண்டும் ஒரே இரட்டை அச்சில் வந்தவை. நாள்கணக்கு, மிஞ்சினால் சில வாரம் என்பதே என் கணிப்பு.

இன்னொரு சின்ன விஷயமும் கவனிக்கத்தக்கது. சால்குரோவ் பானையின் கடைசிக் காசுகள் 279-ஐச் சேர்ந்தவை. 274-இலேயே அவ்ரேலியன் ஷாலோனில் டெட்ரிகுஸை வென்று காலியாவை மீட்டுவிட்டார். தோற்ற டெட்ரிகுஸை வெற்றி ஊர்வலத்தில் நடக்கவைத்து, பிறகு தென் இத்தாலியில் அவருக்கு ஒரு பதவியும் கொடுத்தார். அதற்கும் ஐந்து ஆண்டு கழித்து, பிரிட்டனில் யாரோ ஒருவரின் சேமிப்பில் டொமிட்டியானுஸ் காசு மற்றதோடு காசாகக் கிடந்திருக்கிறது. அரச துரோகியின் காசு என்று அதை யாரும் பொறுக்கி எடுக்கவில்லை. பெயரைப் படித்திருக்கவே மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

ஒப்பிட ஒரு வழக்கு

பானையின் மதிப்பு எவ்வளவு என்று பார்க்க, பானை இல்லாத வழக்கு ஒன்றைப் பக்கத்தில் வைக்கலாம். 1713-இல் திரான்சில்வேனியாவில் கிடைத்ததாகச் சொல்லப்படும் சில தங்கக் காசுகள்; அவற்றில் 'ஸ்பொன்சியானுஸ்' என்ற பேரரசரின் பெயர். அப்படி ஒரு பேரரசரை எந்த நூலும் அறியாது. ஒன்று கிளாஸ்கோவின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்திலும், இன்னொன்று ருமேனியாவின் சிபியூ நகரில் புருகென்தால் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. 1868-இல் நாணயவியலாளர் ஆன்றி கோஹென் இவற்றை மட்டமான நவீனப் போலி என்று தள்ளிவிட்டார்.

2022 நவம்பரில் பால் பியர்சன் தலைமையிலான குழு ஹண்டேரியன் காசை நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுதியது: மேற்பரப்பில் புழக்கத்தால் வந்த கீறல்கள், அவற்றின் மேல் நெடுங்காலம் மண்ணில் கிடந்தால் படியும் கனிமப் படலம், ஆகவே காசு பழையது, ரோமிலிருந்து துண்டான டாக்கியா (இன்றைய ருமேனியப் பகுதி) மாகாணத்தில் ஸ்பொன்சியானுஸ் ஒரு தளபதியாக இருந்திருக்கலாம். செய்தி டொமிட்டியானுஸ் அளவுக்கே பரபரப்பானது. ஆனால் நாணயவியலாளர் பலர் ஏற்கவில்லை, அப்டியும் அவர்களில் ஒருவர். காரணங்கள் லேசானவை இல்லை. காசு அடித்தது அல்ல, வார்த்தது. பேரரசர் பெயர் வழக்கத்துக்கு மாறாக வேற்றுமை உருபோடு நிற்கிறது. பின்பக்கத்துத் தூணும் உருவங்களும் கி.மு. 135-ஐச் சேர்ந்த ஒரு குடியரசுக் காலத் தெனாரியுஸிலிருந்து எடுத்தவை; மூன்றாம் நூற்றாண்டுத் தளபதி ஒருவர் நானூறு ஆண்டு முந்தைய, வேறொரு குடும்பத்தின் பெருமை பேசும் சித்திரத்தை எதற்குத் தேட வேண்டும்?

நான் ஏற்காதவர்கள் பக்கம்தான். கீறலும் படலமும் பலவீனமான சான்று என்பதால் மட்டும் இல்லை. அந்தக் காசுகள் எந்தக் குழியில், எதற்குப் பக்கத்தில் கிடந்தன என்பதற்கு நம்பத்தக்க பதிவு ஒன்றும் இல்லை. கூட்டாளிகளாக வந்த காசுகளும் அதே மாதிரி விநோதமானவையே. ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்ல முடியாது. டொமிட்டியானுஸுக்கு விக்டோரினுஸும் டெட்ரிகுஸும் கிளாடியுஸுமாக 4,956 சந்தேகமில்லாத சாட்சிகள், அதுவும் களிம்பால் ஒட்டிப்போன நிலையில்.

சால்குரோவ் புதையலை ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் வாங்கியது. டொமிட்டியானுஸ் விஷயத்தில் இனி எதுவும் மாற வேண்டுமானால் மூன்றாவது காசு வர வேண்டும். அது இதே அச்சில் வந்தால் கதை அப்படியே இருக்கும். வேறு அச்சில் வந்தால் செதுக்கர்கள் இரண்டாவது முறை உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள், அப்போது சில நாள் என்ற என் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கும். தங்கத்தில் வந்தால் இன்னும் பெரிய மாற்றம்: படைக்குப் பட்டமேற்பு அன்பளிப்பு கொடுக்கிற அளவுக்குக் கருவூலம் அவர் கைக்கு வந்திருக்கிறது என்று ஆகிவிடும்.